நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கிறதா? கரண்ட் எங்கே போகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

நாலைந்து நாள் எடுக்காமல் நிறுத்தி வைத்த காரில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, புதுசு வாங்கி மாட்டிவிடுகிறார்கள். தினமும் ஓட்டுகிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மறுபடி சில நாள் கார் நின்றால் அந்தப் புது பேட்டரியும் படுத்துவிடும். காரணம், பழுது பேட்டரியில் இல்லை. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் காருக்குள் ஏதோ ஒன்று கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை விட்டுவிட்டு எத்தனை பேட்டரி மாற்றினாலும் கதை இதேதான், அதோடு இப்படி அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கினால் நல்ல பேட்டரிகூட சீக்கிரமே கெட்டுப்போகும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 10 ஆம்பியர் வரை அளக்கக்கூடிய ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், நெகட்டிவ் டெர்மினலைத் தளர்த்த ஒரு ஸ்பேனர், முதலைக் கிளிப் வைத்த இரண்டு வயர், அப்புறம் ஒரு மணி நேரம் காரைத் தொடாமல் சும்மா இருக்கும் பொறுமை. கடைசியாகச் சொன்னதுதான் இதில் முக்கியம். இந்தச் சோதனையைச் செய்து தவறான முடிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் மீட்டரைத் தப்பாக மாட்டியதால் ஏமாறுவதில்லை, கார் தூங்குவதற்கு, அதாவது நிறுத்திய பிறகு உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்குவதற்கு, முன்பே அளந்துவிடுவதால்தான் ஏமாறுகிறார்கள்.

எவ்வளவு இழுத்தால் சரி, எவ்வளவு இழுத்தால் தப்பு

நிற்கிற கார் எதுவும் முழுசாக அணைந்திருப்பதில்லை. கடிகாரம் ஓட வேண்டும், ரிமோட் சாவியின் சிக்னலுக்காக ஒரு ரிசீவர் காத்திருக்க வேண்டும், அலாரம் விழித்திருக்க வேண்டும், ஸ்டீரியோவும் என்ஜின் கம்ப்யூட்டரும் தங்கள் நினைவில் இருப்பதை இழக்கக் கூடாது. இதற்கெல்லாம் சேர்த்துப் பெரும்பாலான கார்களில் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை செலவாகும். வசதிகள் நிறைய உள்ள சில கார்களில் இது கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும். 50-க்குள் இருந்தால் நிம்மதியாக விட்டுவிடலாம், 100-ஐத் தாண்டினால் தேட ஆரம்பிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். உங்கள் பேட்டரி 45 ஆம்பியர் அவர் (Ah, ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் அளவு) என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் அவர் போகும், பாதி காலியாக ஒரு மாதம் ஆகும். 400 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 9.6, அதாவது இரண்டரை நாளுக்குள் பாதி போய்விடும். இந்த 400 மில்லி ஆம்பியர் என்பது 5 வாட் பல்பு ஒன்று எரிந்தால் ஆகிற செலவு, அவ்வளவுதான். 1 ஆம்பியர் இழுத்தால் ராத்திரி நிறுத்திய காரில் காலைக்குள் 12 ஆம்பியர் அவர் காணாமல் போயிருக்கும், பேட்டரி கொஞ்சம் பழசாக இருந்தால் அன்றைக்கே செல்ஃப் எடுக்காது.

ஆக, உங்கள் கார் எத்தனை நாளில் படுக்கிறது என்பதை வைத்தே எவ்வளவு பெரிய கசிவைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே ஊகித்துவிடலாம். ஒரே ராத்திரியில் படுத்தால் தேட வேண்டியது ஒரு பெரிய பல்போ, ஒட்டிக்கொண்ட ரிலேவோ (கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்), தூங்காத பெரிய மாட்யூலோ (காரின் ஒரு பகுதியைக் கவனிக்கும் சின்னக் கம்ப்யூட்டர்). மூன்று வாரம் தாங்கிவிட்டுப் படுத்தால் கசிவே இல்லாமலும் இருக்கலாம்.

முதலில் பேட்டரியை விசாரியுங்கள்

கசிவைத் தேடுவதற்கு முன்னால் பேட்டரி நல்லதுதானா, ஆல்டர்னேட்டர் (என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் கருவி) ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத திருடனைத் தேடி நாள் முழுக்க வீணாகும். சார்ஜர் போட்டுப் பேட்டரியை முழுசாக ஏற்றுங்கள். சில மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு வோல்ட் அளந்தால் 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கிட்டத்தட்ட கால்வாசிதான் மிச்சம் என்று பொருள்.

இப்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காருக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. காலையில் வோல்ட் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தால் பேட்டரி தனக்குள்ளேயே இறங்குகிறது, மாற்ற வேண்டியதுதான். அப்படியே நின்றால் பேட்டரி சார்ஜைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்டார்ட் செய்யும் வலு இருக்கிறதா என்பது வேறு விஷயம், அதற்கு லோடு டெஸ்ட் (பெரிய கரண்டை இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள்.

பேட்டரியின் மேல்பகுதியையும் ஒரு பார்வை பாருங்கள். ஆசிட் ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்திருந்தால் அதன் வழியாகவே இரண்டு டெர்மினலுக்கும் இடையில் மெல்லிய கரண்ட் ஓடும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் பிளாஸ்டிக் மேல்மூடியைத் தொட்டால் வோல்ட் காட்டுகிறதா? அப்படியானால் சோடா உப்பு கரைத்த தண்ணீரால் துடைத்துக் காய வைத்துவிடுங்கள். அந்தக் கரைசல் மூடித் துளைகளுக்குள் மட்டும் போய்விடக் கூடாது.

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8-இலிருந்து 14.7 வோல்ட் வரை வர வேண்டும். வரவில்லை என்றால் பிரச்சினை சார்ஜிங்கில். நவீன கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் என்பதால் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், ஹெட்லைட்டைப் போட்டும் பாருங்கள்.

காரைத் தூங்க வைக்கும் ஏற்பாடு

கதவைத் திறந்தால் கார் விழித்துக்கொள்ளும், ஃபியூஸ் பாக்ஸோ பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிறது. எனவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அது மூடியிருக்கிறது என்று காரை நம்ப வைக்க வேண்டும். கதவின் ஓரத்தில் இருக்கும் பூட்டின் நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் 'கிளிக், கிளிக்' என்று இரண்டு முறை மடங்கி மூடிய நிலைக்குப் போய்விடும், உள்விளக்கும் அணையும். பானெட் பூட்டிலும் இதையே செய்யலாம், அதற்குத் தனி ஸ்விட்ச் இருந்தால் அதை அழுத்திய நிலையில் டேப் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் கதவுக் கைப்பிடியை இழுத்து அந்த நாக்கை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து அறைந்தால் பூட்டு உடையும்.

கண்ணாடியை இறக்கி வைத்துவிடுங்கள், சோதனை நடுவில் கார் தானாகப் பூட்டிக்கொண்டாலும் சிக்கல் இல்லை. சாவி இல்லாமலே திறக்கும் வகைக் காராக இருந்தால் அந்த ரிமோட்டை வீட்டுக்குள் நல்ல தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தால் கார் தூங்கவே தூங்காது, மீட்டரில் வரும் எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

ஓ.பி.டி. சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் இடம்) ஏதாவது செருகி வைத்திருக்கிறீர்களா, போன் சார்ஜர் மாட்டியே இருக்கிறதா, டேஷ் கேமரா இருக்கிறதா? எதையும் கழற்றாதீர்கள். வழக்கமாகக் கார் எப்படி நிற்குமோ அப்படியேதான் சோதிக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் குற்றவாளியை நாமே வெளியே அனுப்பிவிட்டு வீட்டைச் சோதனை போட்ட மாதிரி ஆகிவிடும்.

மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். 12 வோல்ட்தானே என்று நினைக்கலாம், பேட்டரியின் பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் அது பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். சார்ஜ் போட்ட பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும், தீப்பொறி கூடாது. ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் நாம் தொடுவது சின்ன 12 வோல்ட் பேட்டரியை மட்டும்தான், ஆரஞ்சு நிற வயர்கள் பக்கமே போகக் கூடாது. ஏர்பேக் வயர்கள் பெரும்பாலும் மஞ்சள் உறையில் இருக்கும், அதிலும் மீட்டர் முனையை வைக்காதீர்கள்.

மீட்டரை மாட்டுவது

சிவப்பு வயரை மீட்டரில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் துளையில் செருகுங்கள், கறுப்பு வழக்கம்போலப் பொதுத் துளையில் (COM). சுழற்றியை டி.சி. ஆம்பியர் 10-க்குத் திருப்புங்கள். மில்லி ஆம்பியர் துளை வேண்டவே வேண்டாம், கார் நடுவில் ஒருமுறை விழித்துக்கொண்டாலே அதன் சின்ன ஃபியூஸ் போய்விடும். 10 ஆம்பியர் நிலையில் சாதாரண மீட்டர் 0.01 வரை காட்டும், அது 10 மில்லி ஆம்பியர். நமக்கு அது தாராளம்.

மீட்டரைப் பேட்டரியின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே வைக்கக் கூடாது. ஆம்பியர் நிலையில் மீட்டர் என்பது வெறும் வயருக்குச் சமம், நேர் ஷார்ட் ஆகிவிடும். நெகட்டிவ் டெர்மினலுக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் நடுவில், கரண்ட் மீட்டரைத் தாண்டித்தான் போக முடியும் என்கிற மாதிரி மாட்ட வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டுப் பிறகு மீட்டரை மாட்டினால் நடுவில் கரண்ட் அறுந்துபோகும், திரும்ப வரும்போது எல்லா மாட்யூலும் முதலிலிருந்து எழுந்துகொள்ளும். அது மட்டுமில்லை, சில சமயம் மாட்டிக்கொண்டு தூங்காமல் கிடந்த மாட்யூல் இந்த ஒரு நொடி அறுப்பிலேயே சரியாகிவிடும், பிழை மறைந்துவிடும், கரண்ட் 0.02 என்று காட்டும், கசிவே இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம். இரண்டு நாளில் மறுபடி பேட்டரி படுக்கும். அதனால் முதலில் நெகட்டிவ் கேபிளின் கிளாம்ப் உலோகத்தில் ஒரு முதலைக் கிளிப், பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் (கிளாம்ப் உட்காரும் உலோக முனை) இன்னொரு கிளிப் என்று மீட்டரை மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு கிளாம்பை மெதுவாகத் தூக்கி எடுங்கள். கரண்ட் ஒரு கணமும் அறுபடாது.

மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் தாங்காது.

டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் உங்களிடம் இருந்தால் எதையும் கழற்றாமலே கேபிளைச் சுற்றிப் பிடித்து அளந்துவிடலாம், இதைவிட வசதி கிடையாது. ஆனால் நிறைய கிளாம்ப் மீட்டர்கள் ஏ.சி. மட்டும்தான் அளக்கும், டி.சி. அளப்பவற்றிலும் பல, மில்லி ஆம்பியர் அளவில் நம்பகமாக இருக்காது. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அளக்க வேண்டும், அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டர்தான்.

காத்திருங்கள்

இப்போது ரிமோட்டால் பூட்டிவிட்டு, ரிமோட்டைத் தூரத்தில் வைத்துவிட்டு, தள்ளி உட்காருங்கள். மீட்டர் எண்ணை மட்டும் கவனியுங்கள். ஆரம்பத்தில் 3 ஆம்பியர், 5 ஆம்பியர் என்றுகூட இருக்கும், பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் 0.80-க்கு வரும், அங்கேயே வெகுநேரம் நிற்கும், இதுதான் கசிவு என்று தோன்றும். திடீரென்று 0.35. இன்னும் பத்து நிமிடம் கழித்துச் சட்டென்று 0.02. அந்தக் கடைசி விழுகைதான் கார் முழுசாகத் தூங்கியதற்கு அடையாளம். சில கார்கள் பத்து நிமிடத்தில் தூங்கும், சில அரை மணி, முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும், ஒரு மணிக்கு மேல் விழித்திருப்பவையும் உண்டு. 0.35-இல் நிற்கும்போதே ஃபியூஸைப் பிடுங்க ஆரம்பித்தீர்கள் என்றால், நல்ல மாட்யூல் ஒன்றைக் குற்றவாளி ஆக்கிவிடுவீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நன்றாகக் காத்திருந்தும் 0.10-க்கு மேலேயே நிற்கிறது என்றால் கசிவு இருக்கிறது. எண் நிலையாக நிற்காமல் 0.02, 0.60, 0.02 என்று மாறி மாறித் துள்ளினால், ஏதோ ஒன்று காரை அடிக்கடி எழுப்புகிறது என்று பொருள். சரியாக மூடாததாகக் காட்டும் கதவு ஸ்விட்சோ, வெளியில் வாங்கி மாட்டிய அலாரமோ, ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகிய கருவியோ அங்கே முதல் சந்தேகம்.

ஃபியூஸைப் பிடுங்காமல் தேடுவது

பழைய முறை, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறது என்று பார்ப்பது. மாட்யூல்கள் அதிகம் இல்லாத பழைய கார்களுக்கு இது போதும். புதிய கார்களில் நான் இதை முதலில் செய்யச் சொல்ல மாட்டேன். ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் அந்த மாட்யூல் விழித்துக்கொள்ளும், அது மற்றவற்றையும் எழுப்பும், மறுபடி முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

இதைவிட நல்ல வழி, ஃபியூஸின் மேல் வோல்ட் அளப்பது. பிளேடு ஃபியூஸ்களின் மேல்பக்கத்தில், எண் எழுதியிருக்கும் இடத்துக்கு இரு பக்கமும் உலோகம் பளபளவென்று தெரியும் இரண்டு சின்னப் புள்ளிகள் இருக்கும். மீட்டர் முனைகளை வைப்பதற்கென்றே அந்த இடம் திறந்து விடப்பட்டிருக்கிறது. கரண்ட் ஓடும் ஃபியூஸில் மிக மிகச் சிறிய வோல்ட் வித்தியாசம் இருக்கும், ஓடாததில் சுத்தமாகப் பூஜ்யம். இதற்கு இன்னொரு மீட்டர் இருந்தால் நல்லது. ஒரே மீட்டர்தான் என்றால், கரண்ட் அளந்து முடித்ததும் நெகட்டிவ் கிளாம்பைக் கம்பத்தில் தொட வைத்து இறுக்கிவிட்டுப் பிறகு மீட்டரை எடுங்கள், அப்போதும் கரண்ட் அறாது. சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து வோல்ட் துளைக்கு மாற்ற மறக்கவே கூடாது. மறந்து அப்படியே எங்காவது வைத்தால் ஷார்ட்தான்.

மீட்டரை மிகக் குறைந்த டி.சி. வோல்ட் நிலையில், அதாவது 200 மில்லி வோல்ட் நிலையில் வைத்து ஃபியூஸ் ஃபியூஸாகப் போங்கள். பானெட்டுக்குள் ஒரு பாக்ஸ், டேஷ்போர்டில் ஒரு பாக்ஸ், சில கார்களில் டிக்கியிலும் ஒன்று இருக்கும். பூஜ்யம் காட்டுவதையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள். ஏதாவது எண் வருகிற ஃபியூஸைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸின் தடை ஏறக்குறைய 7 அல்லது 8 மில்லி ஓம். அதில் 3 மில்லி வோல்ட் காட்டினால் சுமார் 400 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 0.2 காட்டினால் 30-க்குப் பக்கம், அது கடிகாரமோ ரிசீவரோவாக இருக்கும், விட்டுவிடலாம். ஃபியூஸின் அளவு கூடக்கூடத் தடை குறையும், எனவே 20 ஆம்பியர் ஃபியூஸில் அதே மில்லி வோல்ட் வந்தால் ஓடும் கரண்ட் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கெல்லாம் தோராயம்தான், ஆனால் குற்றவாளியும் மற்றவையும் பக்கத்தில் பக்கத்தில் வரும் எண்களாக இருக்காது, பார்த்தவுடனே தெரியும்.

சந்தேக ஃபியூஸ் கிடைத்துவிட்டதா? ஒரே மீட்டர் என்றால் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவில் முன்போலவே திரும்ப மாட்டுங்கள். இப்போது அந்த ஒன்றை மட்டும் பிடுங்கி, நெகட்டிவில் மீட்டர் எண் 0.05-க்குக் கீழே விழுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபியூஸிலிருந்து குற்றவாளி வரை

ஒரு ஃபியூஸ் ஒரே ஒரு பொருளுக்குப் போவது அபூர்வம். ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலோ கையேட்டிலோ பார்த்தால் உள்விளக்கு, கிளவ் பாக்ஸ் விளக்கு, ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக் எல்லாம் ஒரே எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகச் செருகியை எடுத்துப் பாருங்கள், எண் எங்கே விழுகிறதோ அங்கேதான் பழுது.

விளக்குகளைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் மூடிய பெட்டிக்குள் எரிவது யாருக்கும் தெரியாது. கிளவ் பாக்ஸ், டிக்கி, சன் வைசர் கண்ணாடி, பானெட் விளக்கு. போனில் வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டு அதை கிளவ் பாக்ஸுக்குள் வைத்து மூடுங்கள், ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். படம் கறுப்பாக இருந்தால் சரி, சாமான்களெல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தால் மூடி ஸ்விட்ச்சை அழுத்தவில்லை. டிக்கியிலும் இதே. அணைந்து கொஞ்ச நேரமே ஆன பல்பு என்றால் தொட்டாலே சூடு தெரியும்.

அடுத்தது, வாங்கிய பிறகு மாட்டிய சாமான்கள். கம்பெனி வயரிங்கில் வரும் பிழையைவிட இவற்றில் வரும் பிழை அதிகம் என்றே சொல்லலாம். ஸ்டீரியோவுக்குப் பின்னால் வழக்கமாக மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் வரும் இணைப்பு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இணைப்பு. சாவி இணைப்பைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் ஒன்றாக முறுக்கி மஞ்சளில் கொடுத்துவிட்டால், திரை அணைந்திருந்தாலும் உள்ளே செட் விழித்தே இருக்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ரிமோட் வயரும் அப்படித்தான், அதை நிரந்தர கரண்டில் கொடுத்திருந்தால் பாட்டே ஓடாவிட்டாலும் ஆம்ப்ளிஃபயர் இரவு முழுக்க இழுக்கும். டேஷ் கேமராவின் பார்க்கிங் மோடு, ஜி.பி.எஸ். டிராக்கர், கூடுதல் அலாரம், யு.எஸ்.பி. சார்ஜர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். கேமராவை நேரடியாக வயரிங்கில் கொடுத்திருந்தால் வோல்ட் குறைந்ததும் தானே அணையும் கட்ஆஃப் அதில் இருக்கிறதா, எத்தனை வோல்ட்டில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். இப்படிப்பட்ட சாமான்களைப் பல பேர் ஃபியூஸ் பாக்ஸைத் தொடாமல் நேராகப் பேட்டரி டெர்மினலிலிருந்தே எடுத்திருப்பார்கள், அவை எந்த ஃபியூஸை அளந்தாலும் சிக்காது. பாசிட்டிவ் கிளாம்பில் தனியாகத் தொங்கும் மெல்லிய வயர்களைப் பின்தொடர்ந்து போங்கள்.

ரிலேக்கள். உள்ளே முனை ஒட்டிக்கொண்டால் ஸ்விட்சை அணைத்தாலும் அணையாது. கார் நின்று ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு ரிலே மட்டும் இளஞ்சூடாக இருந்தால் அதைப் பிடுங்கிப் பாருங்கள். பக்கத்தில் அதே எண் போட்ட ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுச் சோதிக்கலாம்.

எந்த ஃபியூஸிலும் மாட்டவில்லை என்றால்

எல்லா ஃபியூஸையும் அளந்தாயிற்று, எதிலும் பெரிய எண் வரவில்லை, நெகட்டிவில் மட்டும் 0.50 நிற்கிறது என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் திரும்புங்கள். அதிலிருந்து பேட்டரிக்கு வரும் தடித்த கேபிள் சாதாரண ஃபியூஸ் வழியாகப் போவதில்லை. உள்ளே இருக்கும் டையோடுகள் கரண்டை ஒரே திசையில்தான் விட வேண்டும், அவை பழுதானால் கார் நிற்கும்போது பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்ப ஆல்டர்னேட்டருக்குள் ஓடும். என்ஜின் முழுசாக ஆறிய பிறகும், பல மணி நேரம் நின்ற காரில் ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. சரிபார்க்க, முதலில் பேட்டரியின் நெகட்டிவை முழுசாக விலக்கிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளைக் கழற்றி, அதன் முனையில் நன்றாக டேப் சுற்றி, எதிலும் படாமல் ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்ப மீட்டரை மாட்டி, கார் தூங்கும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். எண் விழுந்தால் ஆல்டர்னேட்டர்தான். இங்கே அவசரப்பட்டு நெகட்டிவை எடுக்காமல் கேபிளில் ஸ்பேனரை வைத்தால், ஸ்பேனர் என்ஜினில் பட்ட நொடியே பெரிய தீப்பொறி வரும்.

ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளின் உறை உரசித் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எப்போதாவது மட்டும் வரும் கசிவு

இதுதான் ஆளைப் படுத்துகிற வகை. நீங்கள் அளக்கும்போது 0.02, நல்ல பிள்ளை மாதிரி தூங்கும். பத்து நாளில் ஒருநாள் மட்டும் படுத்துவிடும். மீட்டரில் அதிகபட்சம், குறைந்தபட்சம் பதிவு செய்யும் வசதி இருந்தால் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். இல்லை என்றால் பேட்டரியோடு மாட்டி போனில் வோல்ட் வரைபடம் காட்டும் புளூடூத் மானிட்டர் ஒன்றைப் பொருத்திவிடலாம். எந்த நேரத்தில் வோல்ட் சரிய ஆரம்பித்தது என்று அதில் தெரியும். அன்று கார் நிறுத்தியபோது வழக்கத்துக்கு மாறாக என்ன செய்தோம் என்று யோசியுங்கள். டிக்கியைத் திறந்து மூடினோமா, பின்சீட்டுக் கதவு சரியாகச் சாத்தியதா, போனை புளூடூத்தில் இணைத்துவிட்டு இறங்கினோமா, மழையா. ஈரம் இறங்கினால் கதவு ஸ்விட்சுகளும் பின்விளக்கு இணைப்புகளும் விநோதமாக நடந்துகொள்ளும்.

பழுது பார்த்த பிறகு

குற்றவாளியைச் சரி செய்ததும் அதே சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள், 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே தூங்குகிறதா என்று பாருங்கள். ஒரே காரில் இரண்டு கசிவு இருப்பது அரிதில்லை. அப்புறம் பேட்டரியைச் சார்ஜர் போட்டு முழுசாக ஏற்றுங்கள். அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரியை ஜம்ப் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓட்டினால் நிரம்பிவிடும் என்று நம்பாதீர்கள், நிரம்பாது. நின்ற இடத்திலேயே தினம் பத்து நிமிடம் என்ஜினை ஓட விடுவதும் அப்படித்தான், பெட்ரோல் செலவாகும் அளவுக்குச் சார்ஜ் ஏறாது.

கசிவே இல்லை, ஆனால் கார் வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் சார்ஜைத் தானே பார்த்துக் கொடுக்கும் சின்ன மெயின்டனன்ஸ் சார்ஜரை மாட்டிவிடலாம். நெகட்டிவ் கம்பத்தில் சார்ஜைக் கணக்கு வைக்கும் சென்சார் உள்ள கார்களில் சார்ஜரின் கறுப்புக் கிளிப்பைக் கம்பத்தில் போடாமல் பாடி எர்த்தில் (காரின் உலோக உடம்பில்) போடுங்கள், இல்லாவிட்டால் ஏறிய சார்ஜ் காரின் கணக்கிலேயே வராது. சார்ஜருக்கு வழியில்லாத இடமென்றால் நெகட்டிவைக் கழற்றிவிடுவது போதும். கழற்றுவதற்கு முன் ஸ்டீரியோ ரகசியக் குறியீடு கேட்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது பவர் விண்டோவின் ஆட்டோ வசதியை மறுபடி பழக்க வேண்டியிருக்கலாம். பேட்டரி டிக்கிக்குள் இருந்து, டிக்கியும் பட்டனால் மட்டுமே திறக்கும் கார் என்றால், நெகட்டிவை எடுத்த பிறகு டிக்கியைச் சாத்துவதற்கு முன்னால் சாவியால் திறக்க வழி இருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுச் சாத்துங்கள்.